நாலரைக் கிலோவுக்காகக் காத்திருக்கும் வீடு

அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு உதடும் அண்ணமும் பிளந்திருக்கிறது. "கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தியா?" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெண்ணை அழவைத்துவிட்டார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, சகோதரிகளே! கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் ஒன்றுசேர வேண்டிய பாகங்கள் சேராமல் போவதுதான் காரணம்.

உதட்டு ஆபரேஷனுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: வயது 10 வாரம், எடை 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ, ஹீமோகுளோபின் 10 கிராம். ஆக, குழந்தை குடிக்கும் பால்தான் நாள் குறிக்கிறது. குழந்தையால் சப்பி இழுக்க முடியாது. தாய்ப்பாலைப் பீய்ச்சி, தலையை உயர்த்திப் பிடித்து, பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுகிறாள். காற்றை நிறைய விழுங்கிவிடும். நடுநடுவே தோளில் போட்டுத் தட்டவேண்டும். ராத்திரி முறை கணவனுடையது. பரவாயில்லையே!

2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தில் இதற்குச் சிகிச்சை இலவசம். அண்ணத்துக்கு ஒரு வயது வாக்கில் இன்னொரு ஆபரேஷன். உதட்டுக்கு இன்னும் அரைக் கிலோ ஏறவேண்டும்.