நீர்க்குழாய்க் கொதிகலம்

நீரைக் கொதிக்கச் செய்தல் அடுக்களையில் நாடோறும் நிகழுஞ் செயல். பானையின் மூடியைத் தள்ளும் ஆவியை அடைத்து வைத்து அதனிடம் வேலை வாங்குங் கலமே கொதிகலம். கொதிக்கும் நீர் ஒரு கன அடி, சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் முற்றும் ஆவியாகுமாயின், ஏறக்குறைய 1,600 கன அடி இடத்தை வேண்டி நிற்கும். அவ்விடத்தைக் கொடாது அடைக்கும்பொழுதே அமுக்கம் எழுகின்றது. அதன் ஆற்றலும் அதுவே, ஆபத்தும் அதுவே.

பழைய கொதிகலங்களிற் பெரும்பாலானவை நெருப்புக்குழாய் வகையைச் சேர்ந்தவை. பெரியதோர் உருளையில் நீர் நிறைந்திருக்கும். அதனூடு செல்லுங் குழாய்களில் உலையின் சுடுவாயு ஓடும். நீராவிப் புகையிரத இயந்திரங்கள் இத்தகைய கலத்தையே சுமந்து ஓடின. சிறிய ஆலைகளுக்கு இவ்வகை இன்றும் ஏற்றதே. ஆயினும் அமுக்கம் மிகும்பொழுது இடர்ப்பாடு தோன்றுகின்றது. ஒரே அமுக்கத்தைத் தாங்குவதற்கு, உருளையின் விட்டம் எத்தனை மடங்கு பெருகுகின்றதோ அத்தனை மடங்கு அதன் தகடும் தடித்தல் வேண்டும். 2 அங்குல விட்டமுள்ள குழாய்க்கு வேண்டிய தடிப்பிலும் 36 மடங்கு தடிப்பு, 6 அடி விட்டமுள்ள உருளைக்கு வேண்டும்.

அன்றியும், பெரிய உருளை வெடிப்பின் அதனுள் அடங்கிய கொதிநீரின் ஒரு பகுதி கணத்தில் ஆவியாய்ப் பொங்கும். 1905 மார்ச்சு 20 ஆந் திகதி, அமெரிக்காவின் மாசச்சூசெற்சு மாநிலத்துப் புறொக்ரன் நகரில், சப்பாத்துத் தொழிற்சாலையொன்றின் கொதிகலம் வெடித்தது. கட்டடம் இடிந்து தீப்பற்றியது. 58 பேர் மாண்டனர். கொதிகலங்களுக்குச் சட்டமும் ஒழுங்கும் அந்நாட்டில் வலுப்பெறுதற்கு இத்துயரம் ஒரு காரணமாயிற்று.

நீர்க்குழாய்க் கொதிகலத்தில் நீரும் நெருப்பும் இடம் மாறுகின்றன. நீர் ஒடுங்கிய குழாய்களுள் ஓட, சுடுவாயு அவற்றின் புறத்தே சூழ்கின்றது. ஒரு குழாய் வெடிப்பினும், முழு உருளை வெடித்தாற் போன்ற பேரழிவு நேர்தல் அரிது. 1867 இல் பாப்கொக்கு, வில்கொக்ஸ் என்னும் அமெரிக்கர் இருவர் இவ்வகைக் கலமொன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். 1882 இல் எடிசன் நியூயோர்க்கின் பேள் வீதியில் நிறுவிய மின்னிலையத்திலும் அவர்தம் கலங்களே பயன்பட்டன.

இது தொழிற்படும் முறையை நோக்குவோம். மேலே ஓர் ஆவியுருளையும் கீழே ஒரு நீருருளையும் உள. அவற்றை இணைக்குங் குழாய்களிற் சில நெருப்பை நேரே எதிர்கொள்வன. ஏனையவை வெப்பங் குறைந்த இடத்தில் நிற்பன. நெருப்புப் படுங் குழாய்களில் நீரும் ஆவிக்குமிழியும் கலந்து இலேசாகி மேலெழும். ஏனைய குழாய்களின் வழியே பாரமான நீர் கீழிறங்கும். இவ்வாறு பம்பியின் உதவியின்றியே நீர் சுற்றி வருகின்றது. மேலுருளையிற் பிரிந்த ஆவி, மீண்டும் உலைவழிக் குழாய்களிற் சென்று மேலும் சூடேறி, ஈரமற்ற ஆவியாய்ச் சுழலியை அடைகின்றது. வெளியேறும் புகையின் எஞ்சிய வெப்பமும் வீணாவதில்லை. கலத்துட் புகும் நீரை அது முன்னரே சூடாக்குகின்றது.

பெரிய அனல் மின்னிலையங்கள், நீராவிக் கப்பல்கள், கரும்புச் சக்கையை எரிக்குஞ் சீனி ஆலைகள் ஆகியவற்றில் இவை இடம்பெறுகின்றன. 1906 இல் வெள்ளோட்டம் விடப்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பலாகிய 'திறெட்நோட்'டில் இவ்வகைக் கலங்கள் 18 இருந்தன. நம் நாட்டில், நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையத்தின் 300 மெகாவாற்றுச் சுழலிகள் மூன்றுக்கும் ஆவி வழங்குபவை நீர்க்குழாய்க் கலங்களே.

இக்கலத்திற்கு ஒரு பகை உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்று நீரை நெடுநாட் கொதிக்க வைத்த கேத்திலின் உட்புறத்தை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். அவ்வெண்படையே அப்பகை. ஒடுங்கிய குழாயில் அது படியுமாயின், இரும்பின் வெப்பத்தை நீர் வாங்க இயலாது. இரும்பு அளவுகடந்து சூடேறி, இளகி, வெடிக்கும். ஆதலின் உப்பு நீக்கிய தூயநீரையே இக்கலத்துக்கு ஊட்டுவர். நீர்மட்டமும் அமுக்கமும் ஓயாது கண்காணிக்கப்படும்; அமுக்கம் எல்லை கடப்பின் காப்புவால்வு தானே திறக்கும்.

இரசாயன வகுப்பில் வன்னீர், மென்னீர் எனப் படிப்பதைப் பரீட்சைக்குரிய பாடமென்று மட்டும் மாணவர் கருதாதிருப்பாராக. கொதிகலத்தின் அருகே நின்று பணிபுரிவோரின் உயிர்க்கு அப்பாடமும் ஒரு காவலாகும்.