அப்பா கடனோட இறந்துட்டா, வீட்டை யார் விக்கலாம்?

இன்னைக்குக் கலிஃபோர்னியா சட்டம். டிரஸ்ட்ல போடாம, அப்பா பேர்ல மட்டும் ஒரு வீடு இருக்கு. கூடவே கடனும் இருக்கு. அவர் இறந்துட்டார். பிள்ளைங்களே வித்துடலாமா?

முதல்ல ஒரு பயத்தைப் போக்கிடறேன். அப்பாவோட கிரெடிட் கார்டு கடன் பொதுவா பிள்ளைங்க தலையில விழாது. நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தா கதை வேற. கடனுக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர் விட்டுட்டுப் போன சொத்துதான். ப்ரோபேட் கோர்ட் உள்ள வர்றதும் அதனாலதான்.

கோர்ட் ஒரு நிர்வாகியை நியமிக்கும். இதுல ரெண்டு வகை அதிகாரம் இருக்கு. சாஃப்ட்வேர்ல வேலை பாக்கற எனக்கு இது சர்வர் பெர்மிஷன் மாதிரிதான் தெரியுது. முழு அதிகாரம் இருந்தா, வாரிசுகளுக்கு 15 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். யாரும் ஆட்சேபிக்கலைன்னா கோர்ட்டுக்குப் போகாமலே விக்கலாம். குறைஞ்ச அதிகாரம்னா, விற்பனையை நீதிபதி உறுதி செய்யணும்.

இந்த ரெண்டாவது வழிதான் சுவாரசியம். நிர்வாகி ஒருத்தர்கிட்ட விலை பேசி முடிச்சிருப்பார். அந்த விலை, கோர்ட் சார்பா போட்ட மதிப்பீட்டுல 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அப்புறம் விசாரணை அன்னைக்கு யார் வேணா எழுந்து அதிக விலை கேட்கலாம்! ஆனா இஷ்டத்துக்கு இல்ல. பேசின விலையில முதல் 10,000 டாலருக்கு 10 சதவீதம், மீதிக்கு 5 சதவீதம் கூட்டித்தான் ஆரம்பிக்கணும். 5,00,000 டாலர்னா, 1,000 கூட 24,500 சேர்த்து 5,25,500. மாசக்கணக்கா காத்திருந்து வாங்க வந்தவர் அங்கேயே வீட்டை இழக்கலாம். அவருக்குக் கொடுமைதான், ஆனா எனக்கு இது நியாயமாத்தான் படுது. தெரிஞ்சவருக்குக் குறைஞ்ச விலைக்குத் தள்ளிவிட்டா, நஷ்டம் கடன் கொடுத்தவங்களுக்கும் வாரிசுகளுக்கும்தானே.

வந்த பணத்துல அடமானக் கடன் முதல்ல கழியும். கிரெடிட் கார்டெல்லாம் வரிசையில கடைசி. பணம் பத்தலைன்னா அந்தக் கடைசி வரிசைக்காரங்க விகிதப்படி பங்கு போட்டுக்கணும். எல்லாம் போக மிஞ்சினாதான் பிள்ளைங்களுக்கு.

இந்த மாதிரி வீடு வாங்கப் போறீங்கன்னா, நிர்வாகிக்குக் கோர்ட் கொடுத்த 'லெட்டர்ஸ்' பத்திரத்தைக் கேளுங்க. முழு அதிகாரமா, குறைஞ்ச அதிகாரமான்னு அதுலயே குறிச்சிருக்கும். அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க.