இளஞ்சாரதியரும் முதலுதவியும்

வீதியில் வண்டிகள் மோதியவிடத்து முதலில் வந்து சேர்பவர் பெரும்பாலும் வைத்தியரல்லர். பின்னால் வந்த மற்றொரு வண்டியின் சாரதியே. மூச்சு நின்றவருக்கும் குருதி பெருகுபவருக்கும் முதற் சில நிமிடங்களே உயிரைத் தீர்மானிப்பன. ஆதலின், வண்டி செலுத்தக் கற்பவர் உயிர் காக்கவும் கற்றல் வேண்டுமென்னும் கொள்கை எழுந்தது. அதனைச் சட்டமாக்கி நெடுங்காலம் வழங்கிவரும் நாடுகளுள் ஜேர்மனி ஒன்றாகும்.

அங்கு 1969 ஆம் ஆண்டு முதல், சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டுவோர் முதலுதவி பயின்றமைக்குச் சான்று காட்டல் வேண்டும். 2015 இல் அப்பயிற்சி எல்லா வகைச் சாரதியருக்கும் பொதுவாக்கப்பட்டு, 45 நிமிடங் கொண்ட ஒன்பது பாடங்களாக வகுக்கப்பட்டது. மோட்டார் வண்டியில் முதலுதவிப் பெட்டி இருத்தலும் கட்டாயம். தமக்குப் பேராபத்தின்றி உதவக்கூடியவராயிருந்தும் உதவாது செல்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ தண்டப்பணமோ விதிக்கக் குற்றவியற் சட்டம் இடமளிக்கின்றது. உதவப் புகுந்து தாமே காயமுறுவோருக்குப் பொதுக் காப்புறுதியும் உண்டு.

இவ்வளவு இருந்தும் இளஞ்சாரதியர் பலர் கைகட்டி நிற்றற்குக் காரணம் யாது? கல்நெஞ்சமன்று, ஐயமேயாகும். பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு நாளிற் கற்றதை மீண்டும் பயிலுமாறு சாதாரண சாரதியரைச் சட்டம் வற்புறுத்துவதில்லை. பயிலாத கை மறக்கும். மறந்த கை அஞ்சும். கூட்டமாயின், பிறர் செய்வாரென்று ஒவ்வொருவரும் காத்திருப்பர்.

மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்து நினைவிழந்தவரின் தலைக்கவசம் இதற்குத் தக்க சான்று. அதனைத் தொடலாகாதென்று அஞ்சுவோர் பலர். முகத்தை மூடிய கவசத்துள் மூச்சு உண்டோ இல்லையோ என அறிதல் அரிது. வாந்தி அடைத்தும் உயிர் போகலாம். ஆதலின், ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாது தாங்க, மற்றொருவர் கவசத்தை மெல்லக் கழற்றவேண்டுமென அங்குப் பயிற்றப்படுகின்றது. இதனை நூலிற் படித்தல் எளிது. கையாற் பழகாதவர் துணியார்.

செய்யவேண்டியவற்றின் ஒழுங்கு எளிதே. முதலிற் பின்வரும் வண்டிகளை எச்சரித்தல். அடுத்து 112 என்னும் எண்ணில் உதவி கோரல். பின்னர் மூச்சை ஆராய்தல். மூச்சின்றேல், நெஞ்சின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தல் வேண்டும். குருதி பெருகின் காயத்தை இறுக அழுத்தல் வேண்டும்.

சட்டம் மனிதரை வண்டியினின்று இறக்கலாம். காயமுற்றவர் அருகே முழந்தாளிட்ட பின் துணையாவது பழகிய கையே. அப்பழக்கத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தல் சாரதியத்தின் ஒரு கூறாகவே எண்ணப்படல் வேண்டும்.