தார்த்தாள் கொட்டகையிலிருந்து

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபார்ம்வில் என்றொரு சிற்றூர். கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1939இல் அங்கே கட்டப்பட்ட மோட்டன் உயர்நிலைப் பள்ளி இன்று அருங்காட்சியகம். ஒற்றைத் தளச் செங்கல் கட்டிடம்; அரண்மனைகளையும் கோட்டைகளையுமே பாரம்பரியம் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது.

180 பேருக்கான அந்தப் பள்ளியில் 1951 வாக்கில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். உடற்பயிற்சிக்கூடம் இல்லை, உணவுக்கூடம் இல்லை. இடம் கேட்ட பெற்றோருக்கு வெள்ளையர் நிர்வாகம் தந்தது, தார்த்தாள் போர்த்திய மரக் கொட்டகைகளை. கூரை ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்பருகே இருக்கும் பிள்ளைக்கு வேகும், தள்ளி இருக்கும் பிள்ளை கோட்டைக் கழற்றாது. ‘தனி, ஆனால் சமம்’ என்று சட்டம் சொன்னதன் நடைமுறை இதுதான்.

1951 ஏப்ரல் 23. பதினாறு வயது பார்பரா ஜான்ஸும் தோழர்களும் தலைமையாசிரியரைப் பொய்யான தொலைபேசி அழைப்பால் வெளியே அனுப்பிவிட்டு, மாணவர்களைப் பள்ளி அரங்கில் கூட்டினார்கள். வகுப்புப் புறக்கணிப்பு இரண்டு வாரம் நீடித்தது. அவர்கள் கேட்டது நல்ல கட்டிடம். என்.ஏ.ஏ.சி.பி. வழக்கறிஞர்களோ, பிரிவினையையே எதிர்ப்பதானால் வழக்காடுகிறோம் என்றார்கள். மாணவர்களும் பெற்றோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிக்குக் கூரை கேட்டு, கழிப்பறை கேட்டு நாம் மனுக் கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும், நனைகிற பிள்ளை காத்திருக்க முடியாது. ஆனால் சேரி ஏன் தனியே இருக்கிறது என்ற கேள்வி அந்த மனுவில் எந்தப் பத்தியில் வருகிறது?

117 மாணவர்களின் பெயரால் தொடுத்த வழக்கு வேறு நான்கு வழக்குகளோடு சேர்ந்து 1954இன் பிரவுன் தீர்ப்பானது. தீர்ப்போடு முடியவில்லை. சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தியபோது, 1959இல் அந்த மாவட்டம் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்து மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். பலர் பிறகு பள்ளிக்கே திரும்பவில்லை. உச்ச நீதிமன்றம் தலையிட்டு 1964இல் பள்ளிகள் திறக்க ஐந்து ஆண்டுகள் ஆயின.

பழைய மோட்டன் கட்டிடம் 1995 வரை பள்ளியாகவே இயங்கியது. மூடியபின் அதைக் காப்பாற்றப் போராடியது மார்த்தா ஃபாரஸ்டர் பெயரிலான கறுப்பினப் பெண்கள் அமைப்பு. 2001இல், அதே ஏப்ரல் 23 அன்று, அருங்காட்சியகம் திறந்தது. பார்வையாளர் முதலில் நுழைவது, பிள்ளைகள் கூடிய அந்த அரங்கத்துக்குள்.