ஆரல்வாய்மொழிக் காற்று

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பிளந்துகொண்டு வரும் காற்று, ஒரு காலத்தில் வாழையைச் சாய்க்கும் காற்று மட்டுமே. கணவாய்க்குக் கிழக்கே முப்பந்தல் பக்கம் பனையும் உடையும் நின்ற வறண்ட நிலத்துக்குப் பெரிய விலை இல்லை. இன்று அதே நிலத்தில் கண்ணுக்கு எட்டியவரை காற்றாலைகள்.

1986-ல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சோதனையாக நட்டவை 55 கிலோவாட் இயந்திரங்கள். உயரத்தில் நல்ல தென்னை மரத்தை ஒட்டி நின்றவை. இப்போது வருபவை இரண்டு, மூன்று மெகாவாட் திறன் கொண்டவை. கோபுரமே நூறு மீட்டரைத் தாண்டுகிறது. 2.1 மெகாவாட் இயந்திரம் ஒன்று, திறன் அளவில் அந்தப் பழைய இயந்திரங்கள் 38-க்குச் சமம். தமிழ்நாட்டின் மொத்தக் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது.

1979-ல் முதல் அலகு ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முழுத் திறன் 1,050 மெகாவாட். அதற்கு நிலக்கரி கப்பலில் வரவேண்டும். எரித்த சாம்பலைக் கொட்ட இடம் வேண்டும். காற்றாலைக்கு இரண்டும் வேண்டாம். ஆனால் திறனை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவது நியாயமில்லை. வைகாசி முதல் புரட்டாசி வரை கொட்டிக் கொடுக்கும் காற்று, தை மாசியில் கைவிரித்துவிடும். பகல் நேரத் தேவையில் ஒரு பங்கை இன்று சூரிய ஒளி ஏற்கிறது. கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016-ல் எழுந்தது. செய்யூரில் 4,000 மெகாவாட்டுக்குத் திட்டமிட்ட அனல்மின் நிலையமோ கட்டப்படாமலே கைவிடப்பட்டது. மாலை விளக்கேற்றும் நேரத்துக்கு இன்னமும் பெரிதும் நிலக்கரியைத்தான் நம்பியிருக்கிறோம்.

2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்கள் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் இருளில் கிடந்தன. அந்த நாட்களிலும், காற்று பலமாக அடித்தபோது மின்சாரத்தைக் கொண்டுபோகக் கம்பித்தடம் போதாமல் காற்றாலைகளை நிறுத்திவைத்தார்கள். நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

எனக்குள்ள பெரிய குறை வேறொன்று. 1990-களில் காற்றாலைக்குப் போட்ட பணம் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தந்தது. அதனால் பஞ்சாலைகளும் பெரிய நிறுவனங்களும் முன்வந்தன; அவை வராவிட்டால் இத்தனை காற்றாலைகள் எழுந்திருக்காது. ஆனால் நிலம் கொடுத்த ஊருக்கு மிஞ்சியது ஒருமுறை கிடைத்த நிலவிலையும் சில காவலாளி வேலைகளும்தான்.

இப்படித்தான் நடக்கவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, 2006-ல் வங்கிக் கடன் வாங்கி, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் கட்டிவந்த ஊராட்சி, மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கத் தொடங்கியது.

முப்பந்தலில் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களைப் பழைய சிறு இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கழற்றிப் பெரியவற்றை நடுவதற்கான கொள்கையை 2024-ல் மாநில அரசு வெளியிட்டது. நிலமும் கம்பித்தடமும் குறித்த ஒப்பந்தங்கள் புதிதாக எழுதப்படும் காலம் இது. அந்தந்த ஊராட்சிக்கு ஒரு பங்கு என்று அவற்றில் சேர்க்க இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.