ஓட்டம் ஓய்ந்த நாய்களும் புதிய இல்லங்களும்

முப்பது கிலோகிராம் எடையுள்ள நாய் ஒன்று. வயது நான்கு. பிறந்த நாள்தொட்டு ஒரு வீட்டின் உட்புறத்தை அது கண்டதில்லை. படிக்கட்டில் ஏற அதற்குத் தெரியாது; கண்ணாடிக் கதவு இருப்பதை அறியாது அதிலே மோதிக்கொள்ளும். முன்னே விரைந்தோடும் சிறு பிராணி எதுவாயினும் அதைத் துரத்துவதற்கே பழக்கப்பட்டது. இத்தகைய நாயை ஒரு குடும்பத்தினரிடம் ஒப்படைப்பது எங்ஙனம்? ஒன்றல்ல, ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் ஒரே வேளையில் இவ்வாறு வந்து நின்றால் யாது செய்வது?

இது கற்பனைக் கேள்வியன்று. சீனாவின் தென்கரையிலுள்ள மக்காவோவில் நாய்ப்பந்தய மைதானமொன்று இருந்தது. 1930களில் தொடங்கி, இடையிலே நின்று, 1963ஆம் ஆண்டில் அது மீண்டும் இயங்கத் தொடங்கிற்று. ஓடிய நாய்கள் கிறேஹவுண்ட் என்னும் வேட்டைநாய் இனத்தைச் சேர்ந்தவை, அவுஸ்திரேலியாவிலிருந்து தருவிக்கப்பட்டவை. உள்ளே சென்ற நாய் உயிருடன் வெளியே வருவது அரிது என்னும் கண்டனம் அம்மைதானத்தின் மீது நெடுங்காலமாக இருந்து வந்தது. இரண்டாண்டுத் தவணை கொடுத்து 2016ஆம் ஆண்டில் அரசாங்கம் அறிவித்தது. 2018 ஜூலை மாதத்தில் மைதானம் மூடப்பட்டது. பந்தயம் ஒரே இரவில் நின்றுவிட்டது. நாய்கள் நிற்கவில்லை; அவை இருந்தன, நாள்தோறும் உண்டன, காத்திருந்தன.

இந்த இனத்தின் வரலாற்றைச் சிறிது அறிந்தால்தான் சிக்கல் விளங்கும். போலி முயலொன்றை இயந்திரத்தால் ஓடச் செய்து அதன் பின்னே நாய்களை விடும் பந்தயம் 1919ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்ணியாவிலே உருவாயிற்று. 1926ஆம் ஆண்டில் அது இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரை அடைந்தது. சில ஆண்டுகளுக்குள் பட்டாளம் போலச் சனங்கள் மைதானங்களுக்குத் திரண்டனர். 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் டேர்பிப் பந்தயத்தை வென்ற மிக் த மில்லர் என்னும் நாயின் உடல் பதப்படுத்தப்பட்டு இன்றும் இங்கிலாந்தின் றிங் நகர அரும்பொருட்காட்சிச்சாலையில் நிற்கின்றது. அத்தகைய பேறு எத்தனை நாய்களுக்குக் கிடைக்கும்? கிறேஹவுண்ட் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பந்தயத்திலிருந்து விலகிவிடுகின்றது. காலெலும்பு முறிந்தால் அதற்கு முன்பே. ஆனால் அதன் ஆயுளோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீளும். உழைப்புக்காலம் ஆயுளின் மூன்றிலொரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்குக்கும் வீடு வேண்டும்.

வீடு கொடுப்பதென்றால் கேட்டவரிடமெல்லாம் கயிற்றைப் பிடித்துக் கொடுத்து விடுவதல்ல. பெண் கொடுப்பவர் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது போல இங்கும் விசாரணை உண்டு. சில வேளைகளில் அதைவிடக் கடுமையாகவே உண்டு. நாய்களை மீட்டு வளர்க்கும் சங்கங்கள் முதலில் வினாப்பத்திரம் ஒன்றை நிரப்புவிக்கும். பின்னர் ஒருவர் நேரே வீட்டுக்கு வந்து பார்ப்பார். வேலி எவ்வளவு உயரம்? பகலில் வீட்டில் இருப்பவர் யார்? குழந்தைகளுக்கு வயதென்ன? பூனை உண்டா, கோழி உண்டா? வாடகை வீடாயின் உடைமையாளர் சம்மதித்தாரா? கேட்பவரின் வருமானத்தையும் நாசூக்காக அறிந்துகொள்வர். பெரிய நாயின் உணவும் மருந்தும் சிறிய நாயினதைப்போலப் பல மடங்கு.

இவ்விடத்திலே பலரும் ஒரு தவறான எண்ணம் கொண்டிருக்கின்றனர். பெரிய நாய்க்குப் பெரிய வளவு வேண்டும், மணிக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடும் நாய்க்கு ஒரு விளையாட்டு மைதானமே வேண்டும் என்று அவர்கள் கருதுவர். உண்மை வேறு. கிறேஹவுண்ட் நெடுந்தூரம் ஓடும் நாயன்று. அரை நிமிட ஓட்டத்துக்கென அமைந்த உடல் அது. எஞ்சிய நேரத்தில் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும். நாளுக்கு இருமுறை நடத்திச் செல்லும் ஒருவர் மாடிவீட்டில் இருந்தாலும் இந்நாய்க்கு அவர் ஏற்றவரே. பரந்த தோட்டமுள்ளவர் வேலி தாழ்வாக வைத்திருந்தால், அவர் ஏற்றவரல்லர். மெல்லிய தோல், குறைந்த கொழுப்பு, குட்டை மயிர் ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதால் வெறும் சீமேந்துத் தரையில் படுத்தால் மூட்டுக்களிற் புண் உண்டாகும்; குளிர்நாட்டிலே போர்வையும் வேண்டும். முற்றத்திற் கட்டிவைக்கும் காவல்நாயாக இதனை விரும்புவோரைச் சங்கங்கள் மறுத்துவிடுகின்றன. குரைப்பதே குறைவு, காவலுக்கு இது எதற்கு?

துரத்தும் குணமே எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது. அது பயிற்சியால் மட்டும் வந்ததன்று, இனத்தின் இரத்தத்தில் உள்ளது. மணத்தை முகர்ந்து வேட்டையாடும் நாய்கள் உண்டு. இதுவோ கண்ணால் வேட்டையாடுவது. தொலைவில் ஒரு முயல் அசைந்தால் எசமானின் குரல் அதன் செவியில் ஏறாது. எனவே வேலியில்லாத வெளியிலே கயிற்றை அவிழ்த்துவிடக் கூடாது. கழுத்துப்பட்டியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தலை ஒடுங்கி, கழுத்து அகன்றிருப்பதால் சாதாரணப் பட்டி இலகுவில் கழன்றுவிடும். இழுக்கும்போது அளவாக இறுகும் அகலமான பட்டியே இதற்கு உரியது. பூனையுள்ள வீட்டுக்கு அனுப்புமுன் சோதனை ஒன்று செய்வர். வாய்க்கூடு மாட்டிக் கயிற்றிற் பிடித்த நாயின் எதிரே பூனையைக் காட்டுவர். ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும் நாய் தேறியது. கண்ணிமைக்காது, உடல் விறைத்து நின்றுவிட்டால் அந்நாயைப் பூனையில்லாத வீட்டுக்கே அனுப்புவர். அது நாயின் குற்றமன்று. இயல்பை அறிந்து இடம் கொடுப்பதே இம்முறையின் உயிர்நிலை.

குழந்தைகள் உள்ள வீட்டிலே வேறோர் எச்சரிக்கை கூறுவர். இந்நாய்களிற் பல கண்களைத் திறந்தபடியே உறங்கும். விழித்திருப்பதாக எண்ணிக் குழந்தை ஓடிவந்து கட்டிப்பிடித்தால் திடுக்குற்று உறுமும், சில வேளைகளிற் கடிக்கவும் கூடும். பிறந்தது முதல் நாய்க்கூட்டத்தின் நடுவே வாழ்ந்தமையால் தனிமை என்பதும் அதற்குப் புதிது. முதல் நாளே வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர், மாலையில் கதவு பிறாண்டப்பட்டிருப்பதைக் கண்டு நாயைப் பழிப்பார். முதலில் ஐந்து நிமிடம், பின்னர் பத்து நிமிடம் என்று பழக்கவேண்டும். மிருக வைத்தியரிடம் போகும்போது இனத்தைச் சொல்வதும் அவசியம்; மயக்க மருந்துகளுட் சில இவற்றின் உடலிலே வழக்கத்துக்கு மேலாகத் தங்கிவிடும்.

ஆகவேதான் பல சங்கங்கள் நாயை முதலில் ஒரு வளர்ப்பாளர் வீட்டிற் சில வாரம் வைத்துப் பார்க்கின்றன. அங்கே படிக்கட்டும் கண்ணாடியும் துடைப்பானின் இரைச்சலும் பழகிவிடும். நாயின் குணத்தைக் கூட்டிலே பார்த்து எழுதிய குறிப்பைவிட, வீட்டிலே பார்த்து எழுதிய குறிப்பு பன்மடங்கு நம்பத்தக்கது. இறுதியிற் கைச்சாத்திடும் உடன்படிக்கையிலே ஒரு நிபந்தனை தவறாது இருக்கும்: எக்காரணத்தால் வளர்க்க இயலாமற் போயினும் நாயை வேறொருவருக்குக் கொடுக்காது சங்கத்திடமே திருப்பித் தரவேண்டும். நாயைத் திருப்பித் தருபவரை நாணச் செய்வது தவறு. நாணத்துக்கு அஞ்சியவர் அதைத் தெருவிலே விட்டுவிடுவார்.

மக்காவோவுக்கு மீள்வோம். அங்கிருந்த அனிமா என்னும் விலங்கு நலச் சங்கம் பிறநாட்டுச் சங்கங்களுடன் சேர்ந்து முயன்றது. சிறிய நிலப்பரப்பு, அத்தனை நாய்களுக்கும் அங்கேயே வீடு தேடுவது நடவாத காரியம். எனவே தொகுதி தொகுதியாக, இனப்பெருக்கத் தடைச் சிகிச்சையும் மருத்துவப் பத்திரங்களும் முடித்து, இத்தாலிக்கும் பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் விமானத்தில் அனுப்பினர். அவ்வேலை 2019ஆம் ஆண்டுவரை நீடித்தது. இடையில், 2018 நவம்பரில், அமெரிக்காவின் புளோரிடா மாநில வாக்காளர் நாய்ப்பந்தயத்தை 2020ஆம் ஆண்டு முடிவுக்குள் நிறுத்தத் தீர்மானித்தனர். அந்நாட்டில் எஞ்சியிருந்த பதினேழு மைதானங்களிற் பதினொன்று அங்கேதான் இருந்தன. அங்கே நாய்கள் ஒரே நாளில் வெளியேறவில்லை. இரண்டாண்டு அவகாசம் இருந்தமையால் மைதானங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சங்கங்களும் வரிசையாக நாய்களை ஏற்றன. நியூசிலாந்து அரசாங்கம் தன் நாட்டிலும் இப்பந்தயத்தை நிறுத்தப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தபோது, நாய்களுக்கு வீடு தேடுவதற்கென்றே ஏறத்தாழ இருபது மாத அவகாசத்தைக் குறித்தது.