தேக்கடிப் படகில் ஏறுமுன் ஒரு பாடவேளை

தேனி மாவட்டப் பள்ளிகளில் கல்விச் சுற்றுலா பற்றிய பேச்சு எழுந்தால் தேக்கடியின் பெயர் முதலில் வந்துவிடும். தேனியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். கம்பம், கூடலூர்ப் பள்ளிகளுக்கு இன்னும் பக்கம். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் பிள்ளைகளை வீட்டில் சேர்த்துவிடலாம். மலைப்பாதை, காடு, ஏரி, யானை என்று எல்லாம் ஒரே நாளில் கிடைக்கும்.

இவற்றில் மாணவர்கள் அதிகம் எதிர்பார்ப்பது படகுப் பயணத்தை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அது. அந்த ஒன்றரை மணி நேரம் பாடமாகவும் பாதுகாப்பாகவும் அமைய வேண்டுமானால், புறப்படுவதற்கு முன்பே வகுப்பறையில் ஒரு பாடவேளையை அதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் அனுபவம். அறிவியல் ஆசிரியராக நான் பின்பற்றும் முறையை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தீவுகள் எப்படி வந்தன?

படகில் போகும்போது ஏரியின் நடுவே பச்சை மேடுகளாகத் தீவுகள் தெரியும். அவை உண்மையில் குன்றுகளின் உச்சிகள். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கு நோக்கி ஓடிய ஆற்றைத் தடுத்து நிறுத்தியது. பள்ளத்தாக்கு மூழ்கியது. சரிவுகளில் நின்ற மரங்களும் மூழ்கின. உயரமான குன்றுகளின் தலைகள் மட்டும் நீருக்கு மேலே மிஞ்சின. பென்னிகுக் கட்டிய அணை என்று நம் பகுதிப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த அணை ஒரு நிலப்பரப்பையே மாற்றியது என்பதைப் படகில்தான் கண்ணால் பார்க்கிறார்கள்.

நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பட்டமரங்கள் அந்தக் காட்டின் மிச்சம். நீருக்குள் உயிர்வளி குறைவு. அதனால் மரம் மட்கும் வேகமும் குறைவு. நூறாண்டு கடந்தும் அவை நிற்பதற்கு அதுவே காரணம். அவற்றின் மேல் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும்.

எத்தனை தீவுகள் என்று மாணவர்கள் கேட்பார்கள். அது அன்றைய நீர்மட்டத்தைப் பொறுத்தது. நம் பகுதி நாளிதழ்களில் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் அடிக்கணக்கில் வெளிவருகிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்க அனுமதித்தது. மட்டம் உயர்ந்தால் கரையோரக் குன்று தீவாகும். மட்டம் இறங்கினால் அதே தீவு கரையோடு சேர்ந்துவிடும். புதிதாக வெளிப்பட்ட சரிவில் புல் முளைக்கும். அதை மேய மிளாவும் காட்டுமாடும் இறங்கி வரும். சுற்றுலாவுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே நீர்மட்டத்தைக் குறித்து வரைபடம் போடச் சொன்னால், படகில் பார்க்கப்போவதை மாணவர்களே ஊகிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஏன் இந்த முன்தயாரிப்பு?

2009 செப்டம்பர் 30 அன்று மாலை, இதே ஏரியில் ‘ஜலகன்னியகா’ என்ற இரட்டை அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். படகு ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. படகின் வடிவமைப்புக் குறை, கூடுதலாக ஏற்றப்பட்ட பயணிகள், கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கக் கூட்டம் ஒரு பக்கமாக நகர்ந்தது ஆகியவை காரணங்களாகப் பேசப்பட்டன. பயணிகள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை.

அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2007 பிப்ரவரி 20 அன்று, இதே பெரியாறு கீழே இறங்கி ஓடும் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தனர். 2011 டிசம்பர் 25 அன்று நம் மாநிலத்தின் பழவேற்காடு ஏரியில் 22 பேர் இறந்தனர். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வடோதரா நகரில் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தனர்.

இவற்றைப் பட்டியலிடுவது சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்வதற்காக அல்ல. இந்த நிகழ்வுகளைப் பற்றிய செய்திகளில் திரும்பத் திரும்ப வருவன சில: அளவுக்கு மீறிய ஆட்கள், அணியாத லைஃப் ஜாக்கெட், ஒரு பக்கம் சாய்ந்த கூட்டம். இவை மூன்றும் எளிய இயற்பியலால் விளக்கக் கூடியவை. ‘எழுந்திருக்காதே’ என்று அதட்டினால் யானையைக் கண்டதும் மாணவர் அதை மறந்துவிடுவார். எழுந்தால் என்ன ஆகும் என்பதைத் தன் கையால் செய்து பார்த்தவர் மறப்பதில்லை.

சோப்பு டப்பாச் சோதனை

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ‘பாய்மங்கள்’ பாடத்தில் மிதத்தல் விதி இருக்கிறது. அதையொட்டி இதைச் செய்யலாம். ஒரு வாளித் தண்ணீர், மூடியில்லாத சோப்பு டப்பா, கோலிக்குண்டுகள், கொஞ்சம் களிமண் போதும்.

முதலில் கோலிகளைக் களிமண்ணில் பதித்து டப்பாவின் அடியில் சமமாக ஒட்ட வேண்டும். டப்பா நிமிர்ந்து மிதக்கும். விரலால் ஒரு பக்கம் இலேசாக அழுத்தி விட்டால், ஆடிவிட்டுப் பழைய நிலைக்கே வரும்.

அடுத்து அதே கோலிகளை, அதே எண்ணிக்கையில், ஒரு பக்கமாக ஒட்ட வேண்டும். டப்பா சாயும். எடை கூடவில்லை, இடம்தான் மாறியது.

மூன்றாவதாக, டப்பாவுக்குள் ஒரு தீப்பெட்டியை நிறுத்தி அதன் மேல் கோலிகளை ஒட்ட வேண்டும். இப்போது இலேசாக அழுத்தினாலே டப்பா கவிழ்ந்துவிடும். ஈர்ப்பு மையம் உயர்ந்துவிட்டதே காரணம். வைக்கோல் பாரம் உயரமாக ஏற்றிய வண்டி திருப்பத்தில் சாய்வதை நம் கிராமப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். படகில் எல்லோரும் எழுந்து நிற்பதும் மேல் தளத்தில் கூடுவதும் அதே போன்றதுதான்.

கடைசியாகக் கோலிகளை ஒட்டாமல் சும்மா போட வேண்டும். டப்பா சிறிது சாய்ந்ததும் கோலிகள் எல்லாம் சாய்ந்த பக்கத்துக்கே உருளும், அதனால் இன்னும் சாயும், இன்னும் உருளும். படகு சாயும்போது கூட்டம் தடுமாறி ஒரே பக்கம் விழுவது இப்படித்தான். இருக்கையில் அமர்ந்திருப்பவர் களிமண்ணில் ஒட்டிய கோலி. எழுந்து நடப்பவர் உருளும் கோலி. இதை ஒரு முறை பார்த்த பின் ‘ஏன் சார் எழுந்திருக்கக் கூடாது?’ என்று எந்த வகுப்பிலும் எவரும் என்னைக் கேட்டதில்லை.

மேல்வகுப்பானால் கணக்கும் போடலாம். 40 கிலோ எடையுள்ள 40 மாணவர்கள், நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 1.5 மீட்டர் தொலைவில், பக்கத்துக்கு 20 பேராக அமர்ந்திருக்கிறார்கள். 20 × 40 × 1.5 = 1200; இரு பக்கமும் சமம். யானையைப் பார்க்க 10 பேர் இடமிருந்து வலம் போனால், வலப்பக்கம் 1800, இடப்பக்கம் 600. மொத்த எடை அதே 1600 கிலோதான். ஆனால் ஒரு பக்கத் திருப்புத்திறன் மறுபக்கத்தைப் போல மூன்று மடங்கு ஆகிவிடுகிறது.

பெஞ்சுப் படகு

சோதனை முடிந்ததும் வகுப்பறைப் பெஞ்சுகளைப் படகு போல இரண்டு வரிசையாகப் போடுகிறோம். மாணவர்கள் அமர்கிறார்கள். நான் திடீரென்று ‘இடப்பக்கம் யானை!’ என்று கத்துவேன். தலை மட்டும் திரும்பலாம். இடுப்பு பெஞ்சை விட்டு எழக் கூடாது. முதல் முறை பாதி வகுப்பு எழுந்துவிடும், சிரிப்பும் எழும். நான்காவது ஐந்தாவது முறையில் ஒருவரும் எழுவதில்லை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு.

எதிர்ப்பக்கம் இருப்பவர் ஏமாந்துபோகாமல் இருக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறோம். பைனாகுலர் இருந்தால், விலங்கு தெரியும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்கே முதலில். படகு திரும்பி வரும்போது கரையும் பக்கம் மாறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவசரம் பாதி குறையும்.

பத்துப் பேர் கொண்ட குழு

ஓர் ஆசிரியர் ஒரே பார்வையில் எண்ணி முடிக்கக் கூடிய எண்ணிக்கை பத்து. அவர் மெதுவாகப் பேசினாலும் கடைசி மாணவர் வரை கேட்கும். அதனால் 40 மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆசிரியர் அல்லது பெற்றோர் ஒருவரைப் பொறுப்பாக்குகிறேன். குழுவுக்குள் இருவர் இருவராகச் சோடி. படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் சோடி சோடியாக எண்ணினால் விடுபட்டவர் உடனே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு குழு தீவுகளைப் படம் வரையும். ஒரு குழு பட்டமரங்களில் உள்ள பறவைகளைக் குறிக்கும். ஒரு குழு கரையில் தெரியும் விலங்குகளை எண்ணும். நான்காவது குழு கரைச் சரிவில் பழைய நீர்மட்டம் விட்டுச்சென்ற கோடுகளைப் பார்த்து எழுதும். கையில் பென்சில் இருக்கும் மாணவர் எழுந்து ஓடுவது குறைவு.

சிறு குழுவின் அருமையை ஆசிரியர்கள் தாமே உணர வேண்டுமானால், பெரியார் புலிகள் காப்பகம் நடத்தும் மூங்கில் தெப்பப் பயணத்துக்கு ஒருமுறை போய்வரலாம். பத்துப் பேர் அளவிலான குழு, வழிகாட்டிகளுடன் ஒரு பகல் முழுவதும் காட்டில் நடந்தும் ஏரியில் துடுப்புப் போட்டும் செல்கிறது. ஒரு காலத்தில் இந்தக் காட்டில் திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்தவர்கள், 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் வழியே காட்டின் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். குடிமையியல் வகுப்பில் சொல்லத்தக்க செய்தி அது.

படகுத்துறையில் ஆசிரியரின் வேலை

தலைமையாசிரியரின் அனுமதி, உரிய அலுவலரின் ஆணை, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், மாணவர்களின் உடல்நலக் குறிப்பு ஆகியவை நாம் அறிந்தவை. படகுத்துறையில் இன்னும் சில உண்டு.

படகில் எழுதியிருக்கும் பயணிகள் எண்ணிக்கையை மாணவர் ஒருவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்யலாம். அதற்கு மேல் ஒருவரும் ஏறக் கூடாது. லைஃப் ஜாக்கெட் உடல் அளவுக்குப் பொருந்த வேண்டும். பட்டைகளை மாட்டிய பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிது, நீரில் பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால், தலையை நீருக்கு மேல் நிறுத்தச் சிறிதளவு கூடுதல் மிதப்பே போதும். அதைத் தருவதுதான் இந்த ஜாக்கெட். மடியில் வைத்திருந்தால் பயனில்லை. நீச்சல் தெரிந்த மாணவருக்கும் விலக்கு இல்லை.

ஒரு முறை வேறோர் இடத்தில், சிறிய படகொன்றில், ‘பிள்ளைங்கதானே சார், இன்னும் நாலு பேர் ஏறலாம்’ என்றார் படகுக்காரர். முடியாது என்று சொல்லி அந்தச் சவாரியையே விட்டுவிட்டோம். மாணவர்கள் முகம் வாடியது. கரையில் உட்கார்ந்து, எழுதியிருந்த எண்ணிக்கையையும் ஏற்றச் சொன்ன எண்ணிக்கையையும் வைத்துக் கணக்குப் போட்டோம். மறுக்கும் அதிகாரம் ஆசிரியருக்கு இருக்கிறது என்பதை மாணவர்கள் பார்ப்பதும் ஒரு பாடம். நாளை அவர்கள் பெரியவர்களாகித் தம் குடும்பத்தோடு பிச்சாவரத்திலோ இராமேசுவரத்திலோ படகில் ஏறும்போது இது நினைவுக்கு வரும்.

திரும்பும் வழியும் பாடமே

தேக்கடித் தலைமதகு வழியாக ஏரி நீர் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைகிறது. குமுளி மலைச்சாலையில் இறங்கும்போது பெரிய இரும்புக் குழாய்கள் மலைச்சரிவில் இறங்குவதைக் காட்டலாம். லோயர்கேம்ப் மின்நிலையத்தில் மின்சாரம் தந்த பின், அந்த நீர் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களுக்குப் பாய்கிறது. பின் வைகையில் சேர்ந்து 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைக்கும், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வரையும் போகிறது. லோயர்கேம்பில் பென்னிகுக் மணிமண்டபத்தில் வண்டியை நிறுத்தி, இந்த நீர்வழியை வரைபடமாகப் போடச் சொல்லலாம். ‘சார், நாம படகுல போன தண்ணியா எங்க வயலுக்கு வருது?’ என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

மறுநாள் வகுப்பில் நான்கு குழுக்களின் குறிப்புகளையும் சேர்த்து ஒரு சுவரிதழ் செய்யலாம். தீவுகளின் படத்துக்குப் பக்கத்தில் அன்றைய நீர்மட்டத்தை எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு போகும் வகுப்பு தன் படத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சோப்பு டப்பாவும் எல்லாப் பள்ளியிலும் கிடைக்கும். இந்த ஆண்டு சுற்றுலாத் தேதி முடிவானதும், அதற்கு முந்தைய வாரத்தின் கால அட்டவணையில் இந்தப் பாடவேளைக்கும் ஓர் இடம் ஒதுக்கிவிடுங்கள்.